சோற்று டப்பா திறந்த இடம்

விரிசல் விட்ட கட்டடத்துக்குள் போகும்போது நான் இடது காலைத்தான் முதலில் வைப்பேன். திரும்பி ஓட வேண்டி வந்தால் வலது கால் வாசல் பக்கம் தயாராக இருக்கும். ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி நான் கண்டுபிடித்த ஒரே பொறியியல் நுட்பம் இதுதான்.

என்னோடு வரும் அந்தம்மா அப்படியில்லை. நேராக உள்ளே போய், அறையின் நடுவில் நின்று, தலையைத் தூக்கி மேலே பார்ப்பார். எவ்வளவு நேரம் என்றால், தெரிந்த சாமி பேரையெல்லாம் நான் மனசுக்குள் ஒரு சுற்றுச் சொல்லி முடித்து, இரண்டாம் சுற்றில் பாதி வந்திருப்பேன். அப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, கட்டைப் பக்கத்தால் சுவரைத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். கெட்டியான சுவர் ஒரு மாதிரி பேசும், உள்ளே விட்டுப்போன சுவர் ஒரு மாதிரி பேசும்.

"யாரும் பேசாதீங்க" என்பார். நான் பேசவில்லை. என் நெஞ்சுதான் அடித்துக்கொண்டிருக்கும். அது அவருக்குக் கேட்டுவிடுமோ என்று இரண்டடி தள்ளி நிற்பேன். இரண்டடியும் வாசல் பக்கமாகத்தான்.

அவர் எங்கள் இன்ஜினியர். என்னைவிட இரண்டு வயது இளையவர், பதவியில் இரண்டு படி மேலே. 'ஓவர்சியர் சார்' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அந்த 'சார்' எனக்கா, என் நரைக்கா என்று கடைசிவரை தெரியவில்லை.

அந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்தது. அரை மணி நேரம்தான். அதற்குள் அலங்காநல்லூர் பக்கம் தென்னை மரங்கள் வீட்டு மாடிகளில் ஏறிப் படுத்துவிட்டன. சமயநல்லூர் ரோட்டில் ஒரு தகரக் கூரை யாரையோ தேடிப் போவது போலப் போய்க் கரண்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அடித்த காற்றுக்கு அரை மணி நேரம். அதைக் கணக்கெடுக்க எங்களுக்கு ஒரு மாசத்துக்கு மேல். ஆபீஸ் ஜீப் வேறு வேலையாகப் போய்விட்டது. அவர் ஸ்கூட்டி முன்னால், என் வண்டி பின்னால். ஒரு நாளைக்கு எட்டு வீடு, ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம். படிவத்தில் மூன்று கட்டம்: குடியிருக்கலாம், பழுது பார்த்துக் குடியிருக்கலாம், உள்ளே போகக் கூடாது.

மூன்றில் எதில் டிக் அடிப்பது என்று தெரிவதற்குள் வெயில் எங்களை டிக் அடித்துவிடும்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். "ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?"

'ஒண்ணும் ஆகாது' என்று அவர் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. நானாக இருந்தால் முதல் வீட்டிலேயே சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்திருப்பேன். ஒருநாள் ஒரு வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, ஆபரேசன் பண்ற டாக்டரே ஒண்ணும் ஆகாதுங்காக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீக?"

"டாக்டர் முன்னால நோயாளி படுத்திருக்காருங்க" என்றார் அவர். "இங்க நோயாளிக்குக் கீழ நீங்கல்ல படுத்திருக்கீங்க."

அந்த மனுஷர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டினார்.

என் வீரத்துக்கும் ஒரு சாட்சி சொல்லிவிடுகிறேன். ஒரு ரேஷன் கடையை அளந்துகொண்டிருந்தோம். டேப்பின் ஒரு முனை அவர் கையில், மறு முனை என் கையில். மேலே விட்டத்திலிருந்து ஒரு பல்லி என் தோளில் விழுந்தது. பல்லி என்று பிறகுதான் தெரிந்தது. விழுந்த நேரத்தில் எனக்கு அது இடிந்து விழுந்த ரேஷன் கடை. அடுத்த கணம் நான் ரோட்டில் நிற்கிறேன், டேப்பு என் கையோடு நீண்டு வந்திருக்கிறது. உள்ளே அவர் தன் முனையை விடாமல் நின்றபடி கேட்டார்:

"எத்தனை வந்துச்சு ஓவர்சியர் சார்?"

"என்ன மேடம்?"

"அளவு. சுவத்துலேர்ந்து ரோடு வரைக்கும் எத்தனை அடி?"

"பதினெட்டரை" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே. எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விரிசலைக் கண்டால் அதன் குறுக்கே வெள்ளைச் சாந்தில் ஒரு பொட்டு வைப்பார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுவார். பென்சில் அவர் கொண்டையில் செருகியிருக்கும். சுவர் நகராமல் இருந்தால் பொட்டு அப்படியே இருக்கும். நகர்ந்தால் பிளந்துவிடும். ஒரு தெருவில் எட்டு வீட்டுச் சுவரில் பொட்டு. "பொண்ணுக்குப் பொட்டு வச்சுச் சீர் செய்ய வந்தாகளா, ரிப்பேர் பார்க்க வந்தாகளா?" என்று ஒரு கிழவர் கேட்டார். அந்தக் கேள்வி காதிலேயே விழாததுபோல் மேடம் எழுதிக்கொண்டிருந்தார். களைப்பு அப்படி. சாயங்காலமானால் எங்கள் இருவருக்கும் பேச வார்த்தையே மிஞ்சாது. கைகாட்டிப் பிரிந்து போவோம்.

இனி சோற்று டப்பா.

மதியம் ஒரு மணி ஆனால் அவர் சாப்பிட்டாக வேண்டும். எந்த வேலையானாலும் நிறுத்திவிடுவார். இரண்டடுக்கு எவர்சில்வர் டப்பா. மேலே கீரையோ கத்திரிக்காயோ, கீழே தயிர் சோறு. முதல் வாரத்திலேயே நான் ஒன்றைக் கவனித்துவிட்டேன். கட்டடம் அவருக்குத் திருப்தியாக இருந்தால், உள்ளேயே, அந்த வீட்டுக்காரர்கள் எந்த இடத்தைப் பார்த்துப் பயந்தார்களோ சரியாக அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவார். சந்தேகம் இருந்தால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். மர நிழல் கிடைத்தால் மரம், இல்லாவிட்டால் ஸ்கூட்டி நிழல். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. அவர் உடம்பு அப்படி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இதை நான் மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்கிற ஆளா நான்? அலங்காநல்லூர் டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தபோது வாயைத் திறந்தேன்.

"மேடம் ரிப்போர்ட்டு வர ஒரு மாசம் ஆகும் மாப்ள. அதுவரைக்கும் எதுக்குக் காத்துக் கெடக்கணும்? சோத்து டப்பாவ எங்க தொறக்காகன்னு பாரு. உள்ள தொறந்தா வீடு பாஸு. வெளிய தொறந்தா பெயிலு."

கடையே சிரித்தது. மாஸ்டர் எனக்கு இன்னொரு டீ போட்டார். எங்கள் பக்கம் டீக்கடையில் சொன்ன வார்த்தை பஸ்ஸுக்குக் காத்திருக்காது. நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அது நாலு ஊர் தாண்டியிருக்கும்.

அதற்கு நாலாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனோம். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. உரிமையாளர் எங்களைச் சட்டத்தைப் பார்க்கவே விடவில்லை. மண்டபத்தின் நட்டநடுவில் தலைவாழை இலை போட்டு, ஃபேனையும் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேடம், மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. மத்தது பெறகு."

"நான் டப்பா கொண்டுவந்திருக்கேங்க."

"அந்த டப்பாவையே இங்க வச்சுத் தொறங்க மேடம், போதும்!"

அவர் அந்த ஆளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே புளியமரத்தடிக்கு நடந்தார். உரிமையாளர் முகம் இலையோடு சேர்ந்து வாடியது. இலையில் கறி இருந்தது. அதை வீணாக்கக் கூடாது என்று நான் இலையை அப்படியே தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடியதைக் கடமை உணர்வு என்றுதான் சொல்வேன்.

சாப்பிடும்போது கேட்டார்: "ஏன் சார், இப்ப எங்க போனாலும் எல்லாரும் நான் சாப்பிடுறதையே பாக்குறாங்க?"

"மரியாதை மேடம்" என்றேன்.

அடுத்த துண்டுக் கறியை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த வீட்டுக்கு நாங்கள் போனது மூன்றாவது வாரத்தில். அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். செல்லமணி என்று விவசாயி ஒருவர், அவர் மனைவி பேச்சியம்மாள். மாடியில் தென்னை விழுந்து, தண்ணீர்த் தொட்டி உருண்டு, முன்னறையின் மேல்தளம் நடுவில் கீறிவிட்டிருந்தது. சுவரும் தளமும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல். குடும்பமே கொல்லையில் மாட்டுக்கொட்டகையில் இருந்தது. அவர்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்து பன்னிரண்டு நாளான பிள்ளையோடு நேரே கொட்டகைக்குத்தான் வந்திருந்தாள். சித்திரை வெயில், தகரக் கூரை, மாட்டு ஈ. பிள்ளை உடம்பெல்லாம் வேர்க்குரு.

"வீட்டுக்குள்ள போயிரலாமான்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் பேச்சியம்மாள். "வேற ஒண்ணும் கேக்கல."

அன்றைக்கு அது ஏழாவது வீடு. முந்தின வீட்டில் ஒருவர் ஒரு மணி நேரம் சண்டை பிடித்ததில் மணி இரண்டரை தாண்டிவிட்டது. மேடம் பொட்டு வைத்துத் தேதி எழுதினார். மாடிக்கு ஏற ஏணி வேண்டும் என்றார். நான் அடுத்த தெருவுக்குப் போய் ஏணியோடு திரும்பி வந்தபோது, அவர் முன்னறையில், விரிசலுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கே ஆச்சரியம். 'அட, பாஸா?' என்று நினைத்தேன். அவர் நெற்றியெல்லாம் வேர்வை வழிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நினைப்பும் தப்பு.

மாடியைப் பார்த்துவிட்டு இறங்கியதும் செல்லமணியிடம் தெளிவாகத்தான் சொன்னார். "உள்ள யாரும் இருக்காதீங்க. முட்டுக் கொடுத்து, இந்தத் தளத்தை எடுத்துட்டுப் புதுசாப் போடணும்." செல்லமணியும் தெளிவாகத்தான் தலையாட்டினார். மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தது நான்தான்.

மறுநாள் மதியம் சமயநல்லூரில் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை அளந்துகொண்டிருந்தோம். என் போன் அடித்தது. பேச்சியம்மாள். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

"சார், மேடத்துக்கிட்ட சொல்லிருங்க, நல்லா இருப்பாக. நேத்தே பிள்ளையையும் தாயையும் வீட்டுக்குள்ள கூட்டியாந்துட்டோம். முன்னறைக் கொக்கியிலதான் தொட்டில் கட்டியிருக்கோம். காத்து நல்லா வருது. பிள்ளை இன்னும் எந்திரிக்கல."

"மேடம் இருக்கக் கூடாதுன்னுல்ல சொன்னாக?"

"அது சர்க்காருக்குச் சொல்றது சார். உள்ள உக்காந்து சாப்புட்டாகல்ல? அதான நெசம்? நீங்கதான டீக்கடையில சொன்னீகளாம்!"

அந்தக் கொக்கி நான் பார்த்த கொக்கி. கீறின தளத்தின் நடுவில், கீறலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

வண்டிச் சாவியைத் தேடினேன், அது என் கையிலேயே இருந்தது. மேடத்திடம் "தொட்டில்... கொக்கி..." என்று இரண்டு சொல்தான் சொன்னேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அதுவரை ஸ்கூட்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டுகிறவர், அன்றைக்கு லாரிகளுக்கு வழி விடவில்லை. பின்னால் போன நான் வாய்விட்டு அழுதுகொண்டு போனேன் என்று சொன்னால் நம்புவதற்கில்லை. ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியாது.

வாசலில் அவர் சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சாதாரணமாக உள்ளே போனார். கட்டிலில் மகள் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாயி, பிள்ளையை எடுங்க. எல்லாரும் வெளிய வாங்க."

"எதுக்கும்மா?"

"இந்த அறை ஆகாது. நேத்தே சொன்னேனே."

"சொன்னீக. ஆனா உக்காந்து சாப்புட்டீகளே! வெளிய சாப்புட்டா பெயிலு, உள்ள சாப்புட்டா பாஸுன்னு இந்த சார்தான் சொன்னாகளாம், ஊரே சொல்லுது!" என்று என்னை நோக்கிக் கை நீட்டினார். "சார், மொதல்ல அந்த ஹெல்மெட்டக் கழட்டிட்டு உள்ள வந்து பேசு."

நான் ஹெல்மெட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். இடது கால் உள்ளே, வலது கால் வெளியே. கழற்றவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கழற்ற முடியவில்லை.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊர் ஊராக எல்லாரும் ஏன் தன் சாப்பாட்டையே பார்த்தார்கள் என்பது அந்த நிமிஷம் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் சொன்னது சரிதான் தாயி" என்றார். "முந்தாநாள் வரைக்கும் சரி. நேத்து மட்டும்தான் தப்பு."

"என்ன தப்பு?"

"எனக்குச் சர்க்கரை இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா இறங்கிரும். நேத்து கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. எந்திரிச்சு வாசல் வரைக்கும் போகத் தெம்பில்ல. உக்காந்த இடத்துல நாலு வாய் தின்னேன். இந்தத் தளத்தை நம்பித் தின்னல."

வியாதி இருப்பது தெரிந்தால் வெளிவேலையிலிருந்து எடுத்து மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவர் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வாரமாகக் கூடவே அலைந்த எனக்கே தெரியாது. அதை இப்போது செல்லமணி, பேச்சியம்மாள், வாசலில் கூடிவிட்ட பத்துப் பேர் எல்லாரும் கேட்க, சத்தமாகச் சொன்னார்.

பேச்சியம்மாள் தொட்டிலை விடவில்லை. "திரும்பியும் அந்தக் கொட்டகைக்கா? வேணாம்மா. பிள்ளை முதுகப் பாருங்க."

மேடம் சுவரோரம் போய் விரலால் காட்டினார். முந்தின நாள் வைத்த பொட்டு. நடுவில் தலைமுடி போல ஒரு கோடு ஓடிப் பொட்டு இரண்டாகியிருந்தது.

பேச்சியம்மாள் அதைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். பிறகு தொட்டிலுக்குள் கையை விட்டுப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே போனார். தாண்டும்போது, "நீயெல்லாம் ஒரு ஆபீசரு" என்றார். பிள்ளை முழித்துக்கொண்டு அழுதது. அந்த ஊரிலேயே அன்றைக்கு எனக்குச் சரியான மரியாதை கொடுத்தது அவர்கள் இரண்டு பேரும்தான்.

மேடம் உள்ளேயே நின்று, மகளைக் கைத்தாங்கலாக அனுப்பிவிட்டு, பாய், தலையணை, பால் டம்ளர் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தார். அந்த ஊர் நூலகக் கட்டடத்தை முந்தின வாரம்தான் பார்த்திருந்தோம், அது கெட்டி. அதைத் திறக்க வைத்துத் தாயையும் பிள்ளையையும் அங்கே இருக்க வைத்தார். செல்லமணி பாயைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். இந்தத் தடவை தலையாட்டவில்லை.

திரும்பும்போது அலங்காநல்லூர் தாண்டி ஒரு பாலத்தடியில் வண்டியை நிறுத்தினேன். "மேடம், அந்த டீக்கடைப் பேச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"தண்ணி இருக்கா ஓவர்சியர் சார்?" என்றார். கொடுத்தேன். குடித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் வேலை இருந்தது. எவ்வளவு கெட்டியான வீடானாலும் அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிடவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கே வெளியே வந்து, ரோட்டோரம் வெயிலில் ஸ்கூட்டியில் சாய்ந்தபடி, நின்றுகொண்டே தின்றார். உள்ளே வாங்க மேடம் என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சுவார்கள். "இருக்கட்டுங்க" என்பார். நாள் முழுக்க அலைகிற மனுஷிக்கு இருந்த ஒரே நிழலை நான் ஒரு டீக்கு விற்றுவிட்டேன். நானும் வெயிலில்தான் நின்று சாப்பிட்டேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. நிற்கச் சொல்லவும் இல்லை.

அடுத்த மாசம் அவருக்குக் கடலோர மாவட்டம் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. அங்கே காற்று இன்னும் பெரிது.

அந்தத் தளம் விழவில்லை. மூன்று மாசம் அப்படியே நின்றது. தினமும் காலையில் நான் அது விழுந்ததா என்று விசாரித்தேன். விழக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன், விழுந்து தொலைந்தால் நிம்மதி என்றும் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமிக்கும் குழப்பம் வரத்தானே செய்யும். கடைசியில் முட்டுக் கொடுத்து ஆள் வைத்துத்தான் உடைத்தார்கள். உடைத்த இரண்டு நாளும் நான் போயிருந்தேன். நாலு பேர் இரண்டு நாள் சம்மட்டி போட்டும் அது லேசில் வரவில்லை. மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, இது இன்னும் பத்து வருசம் நின்னுருக்கும்" என்றார். கூட இருந்த கம்பி வேலைக்காரர் துருப்பிடித்த ஒரு கம்பியைக் கையாலேயே ஒடித்துக் காட்டி, "ஆமா, ஒரே ஒரு மழைக்குத் தாங்கியிருக்கும்" என்றார். இருவரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

நான் மேடத்துக்குப் போன் போட்டேன். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. ஏதோ மாடியில் நின்றிருப்பார்.

"மேடம், அந்தத் தளத்த எடுத்தாச்சு. பத்து வருசம் நின்னுருக்கும்னு மேஸ்திரி சொல்றான்."

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்காங்க?" என்றார்.

"தெரியலையே மேடம்."

"கேளுங்க."

"எதுக்கு மேடம், ரிப்போர்ட்ல சேக்கவா?" என்றேன். என் வாய் எங்கே சும்மா இருக்கும்.

"இல்ல சார். எனக்கு."